பெனிட்டாயின் மாத்திரையைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்வது எப்படி? டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 22 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். வலிப்பு நோய்க்காகப் பெனிட்டாயின் எடுத்துக்கொள்பவர்களும், பெரும்பாலும் அவர்களுக்காகச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவோ மனைவியோ அண்ணனோ, கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். மாத்திரையின் அளவை முடிவு செய்யும் உரிமை உங்கள் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. அந்த அளவு வீட்டில் பிசகாமல் இருக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

பெனிட்டாயின் என்ன மருந்து? எல்லா வலிப்புக்கும் இது பொருந்துமா?

1908இல் பில்ட்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதை முதலில் தயாரித்தார். வலிப்பை அடக்கும் குணம் இதற்கு உண்டு என்பதை 1938இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். அதுவரை இருந்த மருந்துகள் வலிப்பை அடக்கும்போதே ஆளையும் தூங்க வைத்தன. அவ்வளவு மயக்கம் தராமல் வலிப்பை அடக்கியதுதான் இதன் சிறப்பு. நம் ஊர்க் கடைகளில் எப்டாயின், டைலான்டின் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. விலை குறைவு.

கை கால் விறைத்து வெட்டி இழுக்கும் பெரிய வலிப்புக்கும், மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் பிள்ளை வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வகைக்கும், காலையில் கை திடீரென்று துள்ளிக் கையிலிருக்கும் டம்ளர் பறக்கும் வகைக்கும் இது உதவாது. சில நேரம் அவற்றைக் கூட்டியும் விடும். அதனால்தான், "பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வலிப்புதானே, அவனுக்குக் கொடுக்கும் மாத்திரையையே கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இரவு மூன்று மாத்திரை எடுத்தும் ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. நாங்களாகவே நான்காக்கிக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான மருந்துகளை அளவைக் கூட்டக் கூட்டக் கல்லீரல் அதற்கேற்ப வேகமாக உடைத்து வெளியேற்றும். பெனிட்டாயினை உடைக்கும் நொதிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டபின் உள்ளே போகும் மருந்து வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடுகிறது. மடையின் அளவுக்குத்தான் தண்ணீர் வடியும், வாய்க்காலில் கூடுதலாக வருவதெல்லாம் வயலில் தேங்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. 300 மி.கி.யை 400 ஆக்கினால் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. இரத்தத்தில் இருக்கும் மருந்தோ இரண்டு மடங்கையும் தாண்டிப் போகலாம். அதுவும் மறுநாளே தெரியாது. அளவு மெல்ல மெல்ல ஏறி ஒரு நிலைக்கு வர ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகும் என்பதால், மாத்திரையைக் கூட்டியதற்கும் உடம்பு கெட்டதற்கும் உள்ள தொடர்பை வீட்டில் யாரும் யோசிப்பதில்லை.

கோட்டூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், 60 வயதைக் கடந்தவர், மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். சிறுவயது முதல் வரப்பில் நடந்த மனிதர், இரண்டு வாரமாக வரப்பில் கால் நிற்காமல் சேற்றில் சரிந்து விழுவதாகச் சொன்னார். ஊரில் அவர் குடிக்கத் தொடங்கிவிட்டதாகப் பேச்சு. நான் என் விரலை அவர் முகத்துக்கு முன்னே நீட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னேன். விரல் ஓரத்துக்குப் போனதும் இரண்டு கருவிழியும் ஓரிடத்தில் நிற்காமல் வெடுக்கு வெடுக்கென்று துடித்தன. மேசையில் கிடந்த சில்லறையை எடுக்கப் போன கை, காசுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் போய் இறங்கியது. விசாரித்தபோது, பொங்கலுக்கு முன்னால் ஒரு வலிப்பு வந்ததற்காக மகன்தான் பாசத்தினால் ஒரு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவந்தது தெரிந்தது. அன்றே அவரைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். அளவைச் சரிசெய்த பிறகு பழையபடி வயலுக்குப் போகிறார்.

கண் துடிப்பது, இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, நாக்குக் குழறுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது ஆகியவை மருந்து மிஞ்சிவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். இரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பதையே பொதுவாகச் சரியான அளவாகக் கொள்கிறார்கள். 20ஐத் தாண்டினால் பலருக்குக் கண் துடிப்பும், 30ஐத் தாண்டினால் தள்ளாட்டமும் வரும். உடலில் புரதம் குறைந்தவர்களுக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த எண் சரியாகவே தெரிந்தாலும் உண்மையில் மருந்து மிஞ்சியிருக்கக்கூடும் என்பதால், எண்ணோடு ஆளையும் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். இரத்தம் கொடுக்கப் போகும்போது கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட்டு, வழக்கமானதை மட்டும் எடுக்க வேண்டும். சேர்த்து இரண்டு வேளை மாத்திரையைப் போடக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடருங்கள்.

ஒவ்வொரு மாதமும் வேறு வேறு கம்பெனி மாத்திரை கொடுக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

பல மருந்துகளுக்கு அது பெரிய சங்கதி இல்லை. இதற்கு உண்டு. 1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் இந்த மருந்தின் குளிகையில் மருந்தின் அளவை மாற்றாமல், நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். குடல் அதைக் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டதால், நன்றாக இருந்த நோயாளிகள் பலர் நச்சு அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

ஆகவே ஒத்துப்போன கம்பெனியையே தொடர்ந்து வாங்குவது நல்லது. அரசு மருத்துவமனையில் வேறு அட்டை கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. மாறியது எந்தத் தேதியில் என்று காலண்டரில் குறித்து வைத்து, அடுத்த மூன்று வாரம் நடையையும் கண்ணையும் கவனியுங்கள். பழைய அட்டை ஒன்றை எறியாமல் பர்ஸில் வைத்திருந்தால் எங்களுக்கும் அடையாளம் காண எளிது. மெல்லக் கரையும் வகையைப் பொடித்துக் கொடுக்கவோ மென்று விழுங்கவோ கூடாது.

குழந்தைக்குச் சிரப் தருகிறோம். பாட்டிலின் முதல் பாதியில் வலிப்பு வருகிறது, கடைசியில் பிள்ளை தூங்கியே கிடக்கிறது. ஏன்?

பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றியிருப்பீர்கள். இது தண்ணீரில் கரைந்த மருந்தல்ல. பொடி மிதக்கும் கலவை. ஒரு தாய் கொண்டுவந்த பாட்டிலை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்: மேலே தெளிந்த நீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுண்ணாம்பு போன்ற படிவு. தொடக்கத்தில் அந்தக் குழந்தை குடித்தது பெரும்பகுதி இனிப்புத் தண்ணீர். கடைசி வாரம் குடித்தது திரண்ட மருந்து. அந்தப் பாட்டிலை விற்றவன் நான்தான். குலுக்கச் சொல்லாமல் கொடுத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. அன்று முதல் ஒவ்வொரு பாட்டிலையும் வாங்குபவர் கண்முன்னே குலுக்கிக் காட்டித்தான் கொடுக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் அடிப்படிவு முழுதும் கலையும்வரை குலுக்குங்கள். வீட்டு ஸ்பூனை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளவு மூடியாலோ அளந்து கொடுங்கள். 5 மில்லியில் எத்தனை மி.கி. என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், புதுப் பாட்டில் வாங்கும்போது அந்த எண் பழையதுதானா என்று பாருங்கள்.

காசநோய் மாத்திரை, படர்தாமரை மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றைச் சேர்த்து எடுக்கலாமா?

பெனிட்டாயின் பிற மருந்துகளோடு மோதும் மருந்து. மோதல் இரு பக்கமும் நடக்கும். காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் இதன் அளவை ஏற்றும். அதனுடனேயே தரும் ரிஃபாம்பிசின் இறக்கும். இரண்டில் எது யாரிடம் மேலோங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், காசநோய்ச் சிகிச்சை தொடங்கும்போதும், அதைவிட முக்கியமாக முடியும்போதும், இரத்த அளவைப் பார்க்க வேண்டும்.

நடவு, களையெடுப்பு என்று ஈரத்திலேயே நிற்கும் நம் பெண்களுக்குப் படர்தாமரை சாதாரணமாக வரும். அதற்குத் தரும் ஃப்ளூகோனசோல் பெனிட்டாயினை ஏற்றிவிடும். இட்ராகோனசோல் பெனிட்டாயினோடு சேரும்போது அதுவே வலுவிழந்து படர்தாமரை ஆறாது. மெட்ரானிடசோல், கோட்ரைமாக்சசோல், மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்சட்டின், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் ஆகியவையும் ஏற்றும் வகையே. டிரமடால் கலந்த வலி மாத்திரையும் சிப்ரோஃப்ளாக்சசினும் வலிப்பையே தூண்டக்கூடியவை. உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை வலிப்புள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு ஆகியவற்றின் வேலையைப் பெனிட்டாயின் மாற்றுகிறது. நாடாப்புழுக் கட்டியால் வரும் வலிப்புக்கு அல்பெண்டசோல் தரும்போதும் இதை நினைவில் வைத்துத்தான் மருத்துவர் திட்டமிடுவார். நெஞ்செரிச்சல் மருந்து, கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி போதும்.

ஞாபகசக்திக்கு என்று பிள்ளைகளுக்குத் தரும் சங்கபுஷ்பி கலந்த ஆயுர்வேதச் சிரப் பெனிட்டாயினின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைத்திருக்கிறது. நாட்டு மருந்தை நான் குறைத்துப் பேசவில்லை. எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள் என்கிறேன்.

தொடங்கிச் சில வாரத்தில் உடம்பில் சிவந்து தடித்தால் என்ன செய்வது? வேர்க்குருதானே?

சித்திரை வெயிலில் எல்லோருக்கும் வேர்க்குரு வரும் ஊர் இது என்பதால்தான் இந்தக் கேள்வி எனக்கு அச்சம் தருகிறது. புதிதாகத் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் தடிப்பு வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதோடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, முகவீக்கம், நெறி கட்டுதல், தோல் உரிதல் என்று எது சேர்ந்தாலும் இரவென்றும் பாராமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக அது இருக்கலாம். மருத்துவர் இதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற்றுவார். அப்போது கார்பமாசெபின், பீனோபார்பிட்டால் ஆகியவற்றுக்கும் அதே ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், "பெனிட்டாயின் ஒத்துக்கொள்ளாது" என்று பெரிய எழுத்தில் எழுதி மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஈறு வளர்ந்து பல்லை மூடுகிறதே?

பலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வரும். தினம் இருமுறை மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்ப்பதும் இதைப் பெரிதும் குறைக்கும். பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு பலவீனமாகலாம். முகத்தில் முடி வளரலாம். வளரும் பெண்பிள்ளைகளுக்கு வேறு மருந்து உண்டா என்று கேட்பதில் தவறில்லை. மனம் மிகவும் சோர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கருத்தடை மாத்திரை, கர்ப்பம், தாய்ப்பால் பற்றி?

கருத்தடை மாத்திரையின் பலனைப் பெனிட்டாயின் குறைத்துவிடுகிறது. காப்பர்-டி போன்ற வழி நம்பகமானது. இந்த மருந்தால் கருவிலுள்ள குழந்தைக்குக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது உண்மை. அதற்குப் பயந்து நாள் தள்ளிப்போன அன்றே மாத்திரையை நிறுத்தினால், அடுக்கடுக்காக வரும் வலிப்பில் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும், எத்தனை மி.கி. என்று அவர் சொல்வார். கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் மருந்து குறைவதால் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். பிறந்ததும் குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாமா?

குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது கேட்கிறேன். நிறுத்தாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவுகளில் தூக்கமும் இராது, சாப்பாடும் நேரத்துக்கு இராது. அந்த நேரத்தில் மாத்திரையும் இல்லையென்றால் வலிப்பை நாமே அழைத்து வைப்பது போலாகும். மறைத்து வாழப் போகும் பெண் மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்துவைத்து, வேளை தவறித் தவறிப் போட்டு, ஒருநாள் அடுப்படியில் விழுகிறாள். வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சட்டப் பகுதியையே 1999இல் நீக்கிவிட்டார்கள். இரு வீட்டாரையும் உட்காரவைத்து உங்கள் மருத்துவரையே பேசச் சொல்லுங்கள். அப்படிப் பேசி நடந்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டபோது கொடுத்த மாத்திரை. வலிப்பே வந்ததில்லை. மூன்று வருடமாக வாங்குகிறோம், தொடர வேண்டுமா?

தலைக்காயத்துக்குப் பின் முதல் வாரத்தில் வரும் வலிப்பைத் தடுக்கவே பெரும்பாலும் 7 நாளுக்கு இதைத் தருகிறார்கள். பின்னாளில் வரக்கூடிய வலிப்பை இது தடுப்பதில்லை. எதுவரை என்று யாரும் கேட்காததால் ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டோடு போய் மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்துவதானாலும் அவர் சொல்லும் முறைப்படிதான்.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் குளிக்கலாமா? மோட்டார் கொட்டகைக்குத் தனியாகப் போகலாமா?

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, கல்லணை வழியே வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் வந்தபின் எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் ஏறிவிடும். வலிப்புள்ளவருக்கு இடுப்பளவுத் தண்ணீரும் ஆபத்துதான்; கத்தக்கூட முடியாமல் மூழ்கிவிடுவார். வீட்டில் வாளியில் மொண்டு குளிப்பதே நல்லது. படித்துறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், நீந்தத் தெரிந்த, இவருக்கு வலிப்பு உண்டு என்று அறிந்த ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். குளத்துக்கும் அகழிக்கும் பம்புசெட் தொட்டிக்கும் இதே கட்டுப்பாடுதான். நெல் அவிக்கும் அடுப்பு, கதிரடிக்கும் இயந்திரம், தென்னை மரம் ஆகியவற்றிலிருந்து விலகியிருங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்தில் வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள்; உண்மையைத்தான் எழுத வேண்டும்.

விரதம், சிவராத்திரி, ரம்ஜான் நோன்பு?

சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிப்பது வலிப்பைத் தூண்டும். தூக்கமின்மையைப் போல் வலிப்பைக் கூட்டிக்கொடுப்பது வேறு எதுவும் இல்லை என்றே சொல்வேன். நோன்பு வைக்க விரும்புபவர்கள் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டால், இரவில் ஒரே வேளையாக எடுக்கும் வகைக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். சாராயம் எந்த அளவிலும் வேண்டாம்.

வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்துக் கொடுத்தால் நிற்கும் என்கிறார்களே?

பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் இரும்பு இருந்ததால் இரும்புக்குப் பெயர் வந்தது. கூர்மையான சாவியால் காயம்தான் மிச்சம். கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ மாத்திரையோ எதுவும் வைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ 108ஐ அழையுங்கள்.

இரண்டு வருடமாக வலிப்பே இல்லை. நிறுத்திவிடலாமா?

இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வலிப்பில்லாமல் இருந்தவர்களுக்கு மருத்துவர் அதைப் பற்றி யோசிப்பார், ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி., வலிப்பு வந்த காரணம் எல்லாவற்றையும் பார்த்துப் பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரும் நிலை ஏற்படலாம்; அதில் மூளை பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம்.

மழைக்காலத்தில் மாத்திரை தீர்ந்துபோனால்?

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, மரம் விழுந்து சாலை அடைத்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கடை ஷட்டரைத் திறந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருந்து எடுத்துக் கொடுத்த அந்த நாட்களில், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் நடந்தும் வந்து முதலில் கேட்கப்பட்டவை இன்சுலினும் வலிப்பு மாத்திரையும்தான். வந்தவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே நான்கு நாள் மாத்திரை இல்லை.

ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பே, கையிருப்போடு இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள். ஓதம் ஏறும் சுவர் அலமாரியும் அடுப்பு மேடையும் வேண்டாம். அட்டையைப் பிரிக்காமல், மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மருந்துச் சீட்டின் நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே டப்பாவில் வைத்துவிட்டால், முகாமுக்குப் போக நேர்ந்தாலும் அந்த ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.